காத்ர் பிராவில் நின்ற 69ஆம் படைப்பிரிவு: கைமடிப்பில் எந்தப் பச்சை?

பாலாறு_பெரம்பூர்

வணக்கம். பெரம்பூரில் வசிக்கிறேன், சொந்த ஊர் வேலூர். 28 மில்லிமீட்டர் உயரமுள்ள பிரிட்டிஷ் காலாட்படைப் பொம்மை வீரர்கள் 24 பேர் மூன்று வாரமாக என் மேசையில் சாம்பல் அடிப்பூச்சுடன் நிற்கிறார்கள். சிவப்பைத் தொடக் கை வரவில்லை. பூசிவிட்டுச் சுரண்டுவதைவிடக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது என்று இங்கே வந்தேன்.

ஏன் 69ஆம் படைப்பிரிவு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிறு வயதில் தாத்தா என்னைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்து வேலூர் மக்கான் சந்திப்பில் இருக்கும் 1806 சிப்பாய்க் கலக நினைவுத் தூணுக்கு அழைத்துப்போவார். அங்கிருந்து கோட்டை அகழி ஓரமாக ஒரு சுற்று. அந்தக் கோட்டைக்குள் அப்போது இருந்த வெள்ளையர் படை 69ஆம் படைப்பிரிவின் முதல் பட்டாளம் என்பது பெரியவனான பிறகுதான் தெரிந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1815 ஜூன் 16 அன்று, வாட்டர்லூ போருக்கு இரண்டு நாள் முன்பு, அதே படைப்பிரிவின் இரண்டாம் பட்டாளம் பெல்ஜியத்தின் காத்ர் பிராவில் பிரெஞ்சுக் கவசக் குதிரைப்படையிடம் சிக்கித் தன் அரசர் கொடியைப் பறிகொடுத்தது. இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. மேல் தட்டில் காத்ர் பிரா. கீழ்த் தட்டில் வேலூர்ச் சிப்பாய்கள் பன்னிரண்டு பேர்.

சிக்கல் பச்சையில் தொடங்குகிறது. 69ஆம் பிரிவின் காலரும் கைமடிப்பும் 'வில்லோ பச்சை' என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். படத்தைத் தேடினால் ஒன்றில் கிளிப்பச்சை, ஒன்றில் பாசிப்பயற்றின் நிறம், இன்னொன்றில் பாட்டில் பச்சை. நான் வில்லோ மரத்தைப் பார்த்ததே இல்லை. கால்சட்டையையும் சிலர் வெள்ளை என்கிறார்கள், சிலர் சாம்பல் என்கிறார்கள். அதிகாரிக்கும் சாதாரண வீரனுக்கும் ஒரே சிவப்பைப் பூசிப் பார்த்தேன். ஏதோ உறுத்துகிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

சிப்பாய்களில் நான்கு பேரை ஏற்கெனவே முடித்துவிட்டேன். புதிய தலைப்பாகை, வெறும் நெற்றி, மழித்த முகம். கலகத்துக்குக் காரணமான ஆணை அப்படித்தான் சொல்கிறது என்பதால் அப்படியே வரைந்தேன். அது சரிதானா?

பழைய_கோப்பு

தம்பி, மிக நல்ல தேர்வு. ஆசிரியர் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பல காலைப் பொழுதுகளைக் கழித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

சீருடை ஆராய்ச்சியில் நான் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே விதி: ஆணை வேறு, அணிந்தது வேறு. எந்தப் பட்டாளம், எந்த இடம், எந்த நாள் என்று முதலில் முடிச்சுப் போடுங்கள். அதன் பிறகுதான் படங்களைப் பார்க்க வேண்டும். நீங்கள் நாளை முடிவு செய்துவிட்டீர்கள், பாதி வேலை முடிந்தது. படங்களை எடைபோடும்போது அதை வரைந்தவர் எந்த ஆண்டில் வரைந்தார் என்று பாருங்கள். சார்ல்ஸ் ஹாமில்டன் ஸ்மித் என்ற இராணுவ அதிகாரி 1812 முதல் 1815 வரை வெளியிட்ட வண்ணத் தகடுகள் அந்தக் காலத்திலேயே, படைக்குள் இருந்தவர் ஒருவரின் கையால் வந்தவை. போர் முடிந்து அறுபது எழுபது ஆண்டு கழித்து விக்டோரியா காலத்து ஓவியர்கள் வரைந்தவை கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் ஒரு காலர் நிறத்துக்குக்கூட அவற்றை நான் சாட்சியாகக் கூப்பிட மாட்டேன்.

1815இல் உங்கள் வீரன் தலையில் இருக்க வேண்டியது முன்பக்கம் உயர்ந்து நிற்கும் ஷாகோ தொப்பி. 1812ஆம் ஆண்டு விதியில் வந்தது அது. முன்பிருந்தது அடுப்புக் குழாய் போல நேராக நிற்கும். புதியதில் இறகு இடப்பக்கத்துக்குப் போய்விட்டது. பட்டாளத்தின் நடுக் கம்பெனிகளுக்கு, அதாவது சாதாரணப் பிரிவுகளுக்கு, மேலே வெள்ளை, கீழே சிவப்பு. கிரனேடியர் கம்பெனிக்கு முழு வெள்ளை. இலகு கம்பெனிக்குப் பச்சை. களத்தில் பலர் தொப்பிக்கு மெழுகுத்துணி உறை போட்டிருந்தார்கள். ஆறேழு பேருக்குக் கறுப்பு உறை கொடுத்தால் அணிவகுப்பு மைதானத்தில் இருந்து எழுந்து வந்தவர்கள் போலத் தெரியாது.

கால்சட்டை சாம்பல். 1815 போர்ப் பயணத்துக்கு அதுவே பொதுவானது, கொஞ்சம் நீலம் கலந்த சாம்பல். எல்லாருக்கும் ஒரே சாம்பல் வேண்டாம். மூன்று கலவை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பூசுங்கள். முதுகுப்பை கறுப்பு வண்ணம் பூசிய கித்தான். தண்ணீர்க் குடுவை மரத்தால் ஆனது, நீல வண்ணம், பழுப்புத் தோல் வார். சோற்றுப்பை வெளுக்காத துணி. குறுக்குப் பட்டைகளுக்கு வெள்ளைக் களிமண் பூசுவார்கள், ஆகவே பளபளப்பில்லாத வெள்ளை. துப்பாக்கி 'இந்தியா மாதிரி' மஸ்கெட், 39 அங்குலக் குழாய். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக உருவாகி, பிரெஞ்சுப் போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் இராணுவமே எடுத்துக்கொண்ட துப்பாக்கி அது. உங்கள் மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் பொதுவான பொருள்!

மார்பில் காஜாவைச் சுற்றித் தைத்த நாடாவை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அதன் வடிவமும் இடைவெளியும் படைப்பிரிவுக்குப் படைப்பிரிவு மாறும். காவல் படைகளைப் பார்த்தால் எளிதில் புரியும்: முதல் காவல் படைக்கு பட்டன்கள் ஒவ்வொன்றாகச் சம இடைவெளியில், இரண்டாவதற்கு இரண்டிரண்டாக, மூன்றாவதற்கு மும்மூன்றாக. நாடாவுக்குள் வண்ண இழைகளும் ஓடும், ஆனால் 28 மில்லிமீட்டரில் அந்த இழையைத் தேட வேண்டாம். ஒரு கை தூரத்தில் நாடா வெள்ளையாகத்தான் தெரியும். பொம்மையில் வார்த்திருக்கும் இடைவெளி உங்கள் பிரிவுக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கொடிக்கு அரசர் கொடியை வையுங்கள். அன்று இழந்தது அதைத்தான். தளம் முழுவதும் யூனியன் கொடி என்பதால் பச்சைக் கவலையும் இல்லை. பிரிகேட் தலைவர் ஹால்கெட் சதுர வியூகம் அமைக்கச் சொன்னார், அவருக்கு மேல் தளபதியான ஆரஞ்சு இளவரசர் அதை மாற்றி வரிசையாக விரியச் சொன்னார். அந்த நேரத்தில் பிரெஞ்சு 8ஆவது கவசக் குதிரைப்படை வந்து விழுந்தது. அதனால் உங்கள் 24 பேரை நேர்த்தியான சதுரமாக நிறுத்தாதீர்கள். பாதி உருவாகிக் கலையும் வரிசையாக நிறுத்துங்கள்.

இனி சிப்பாய்கள். இதில்தான் உங்களை மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன்.

சென்னை இராணுவத்தின் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக். புதிய தலைப்பாகை 1805 நவம்பரில் வந்தது, நடை உடை விதிகள் 1806 மார்ச்சில். சாதியைக் காட்டும் நெற்றிக்குறி கூடாது. சீருடையில் இருக்கும்போது காதணி கூடாது. அணிவகுப்பில் தாடை மழித்திருக்க வேண்டும். மீசையைப் பற்றி அந்த விதி சொல்வது வேறு: அளவும் வடிவமும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அதாவது மீசையை எடுக்கச் சொல்லவே இல்லை. நீங்கள் மழித்த முகங்கள் ஆணைப்படியும் தவறு.

புதிய தலைப்பாகையில் தோலால் ஆன குஞ்சம் இருந்தது. அது எந்த விலங்கின் தோல் என்பது இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் சம அளவில் நெஞ்சை அறுத்தது. பார்க்கத் தொப்பி போல இருக்கிறது, இதைப் போட்டால் நம்மைப் பரங்கி ஆக்கிவிடுவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். மே மாதத்தில் வேலூரில் இருந்த 4ஆம் படைப்பிரிவின் இரண்டாம் பட்டாளம் அதை அணிய மறுத்தது. ஒரு முஸ்லிமும் ஓர் இந்துவும் ஆளுக்கு 900 கசையடி தண்டனை பெற்றார்கள். ஜூலை 10 அதிகாலை, விடிய இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும்போது, கோட்டை வெடித்தது.

அந்த இருட்டில் எழுந்தவர்கள் தலையில், எந்தப் பொருளுக்காக எழுந்தார்களோ அதையே நான் வைக்க மாட்டேன். இது என் தீர்ப்பு. பழைய தலைப்பாகை கட்டுங்கள், சிலரை வெறுந்தலையோடு விடுங்கள். சிவப்புச் சட்டை, வெள்ளை அரைக்கால் சராய், அதற்குக் கீழே மூடாத கால், பாதத்தில் செருப்பு. தஞ்சாவூர் ஓவியர்கள் கம்பெனிக்காரர்களுக்கு வரைந்துகொடுத்த சிப்பாய் ஓவியங்களைப் பாருங்கள். மனைவியோடு சேர்ந்து நிற்கும் சிப்பாய் அவற்றில் அடிக்கடி வருவான். அவை கண்ணால் பார்த்து வரைந்தவை. நெற்றியில் ஒருவருக்குத் திருநீறு, ஒருவருக்கு நாமம். ஒருவருக்குத் தாடி. காதில் ஒரு மஞ்சள் புள்ளி. அவர்கள் உயிரைக் கொடுத்த விவரம் இது, அதை வரையாமல் விட்டுவிடாதீர்கள் தம்பி.

ஒரு கூடுதல் செய்தி. என்றாவது 1806ஆம் ஆண்டு 69ஐ வரைய நினைத்தால், பிரிட்டிஷ் வீரன் தலைமுடியைப் பின்னால் நீளமாகக் கட்டியிருக்க வேண்டும். அந்த வழக்கத்தை 1808இல்தான் ஒழித்தார்கள்.

அவுரித்தொட்டி

பச்சைக்கும் சிவப்புக்கும் நான் பதில் சொல்கிறேன். திருவொற்றியூரில் சிறிய இயற்கைச் சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். அம்மா வீட்டார் திண்டிவனம் பக்கம் அவுரி பயிரிட்டவர்கள்.

1815இல் செயற்கைச் சாயம் கிடையாது. எந்தச் செடியும் தனியாக நல்ல பச்சை தராது. கம்பளியை முதலில் நீலத்தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும், பிறகு படிகாரம் ஏற்றி மஞ்சளில் முக்க வேண்டும். நீலம் ஒரு முக்கு கூடினால் பாட்டில் பச்சை. மஞ்சள் ஒரு முக்கு கூடினால் கிளிப்பச்சை. தொட்டிக்குத் தொட்டி மாறும். என் பட்டறையில் ஒரே நாளில் காலையில் எடுத்த பச்சையும் மாலையில் எடுத்த பச்சையும் பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை போலத்தான் இருக்கும், இரட்டையர் போல இருக்காது. உங்கள் மூன்று படங்களும் மூன்று விதமாக இருப்பதில் எனக்கு வியப்பே இல்லை.

அடுத்தது வெயில். தாவர மஞ்சள் வெயிலுக்கு முதலில் தோற்கும். நீலம் நின்று பிடிக்கும். அதனால் அப்படிச் சாயமேற்றிய பச்சை நாளாக ஆக நீலத்தின் பக்கம் சாயும். போர்ப் பயணத்தில் பழசான சட்டைக்குக் கைமடிப்பின் மேல்பக்கம் சற்று நீலமாக, மடிப்புக்குள்ளே, காலரின் உள்பக்கம் பச்சை புதிதாக இருக்க வேண்டும். வில்லோ இலையின் அடிப்பக்கம் வெளிறியிருக்கும், அந்தப் பெயர் சொல்வதும் வெளிர்ந்த பச்சையைத்தான். பாட்டில் பச்சையை ஒதுக்கிவிடுங்கள். இலைப்பச்சையில் கொஞ்சம் சாம்பலும் துளி மஞ்சளும் கலந்து தொடங்குங்கள்.

உங்களை உறுத்திய சிவப்புக்கும் காரணம் சாயம்தான். சாதாரண வீரனின் சட்டைக்கு வேர்ச்சாயம், நம் மஞ்சிட்டியின் ஐரோப்பிய உறவுச் செடி. மலிவு, கனமான சிவப்பு, செங்கல் பக்கம் சாய்ந்த நிறம். அதிகாரி தன் காசில் தைத்துக்கொண்ட சட்டைக்குக் கோச்சினீல், கள்ளிச்செடியில் வாழும் பூச்சியை உலர்த்தி அரைத்த சாயம். வெள்ளீய உப்பு சேர்த்தால் கண்ணைப் பறிக்கும் செஞ்சிவப்பு. இருவரும் அருகருகே நின்றால் துணி தெரிந்த எவருக்கும் யார் அதிகாரி என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். அதிகாரியின் இடுப்பில் கருஞ்சிவப்புப் பட்டு வார் வேறு. வீரர்களுக்குச் செம்மண் கலந்த சிவப்பு, அதிகாரிக்குப் புதுக் குங்குமம். இப்படி வைத்துப் பாருங்கள்.

கோச்சினீல் நம் ஊர்க் கதையும்தான். மெக்சிகோவில் இருந்து ஸ்பெயின்காரர்கள் கையில் இருந்த அந்த வியாபாரத்தைப் பிடிப்பதற்காக, டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டமே போட்டார். நினைத்த தரத்தில் சாயம் வரவில்லை. சைதாப்பேட்டையைக் கடக்கும்போதெல்லாம் அந்தச் சிவப்பு எனக்கு ஞாபகம் வரும்.

நெப்போலியனும் சாயத்தால் தடுமாறியவர். அவுரி நீலம் கிடைப்பது கடினமாகி விலை ஏறியதால் 1806இல் காலாட்படைக்கு வெள்ளைச் சட்டை என்று ஆணை போட்டார். சில படைப்பிரிவுகள் அணிந்தும் விட்டன. அடுத்த ஆண்டே நீலத்துக்குத் திரும்பினார்கள். யாராவது 1807ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர்களை வரைவதாக இருந்தால் இதை மறக்க வேண்டாம்.

தாம்பரம்_தூரிகை

நிறத்தைப் பற்றி மேலே சொன்னதற்குப் பிறகு நான் சேர்க்க ஒன்றும் இல்லை. பூசும் விதத்தைப் பற்றி மட்டும்.

சென்னை வெயிலில் அக்ரிலிக் தூரிகை நுனியிலேயே காய்ந்துவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஈரப் பஞ்சு, அதன் மேல் வெண்ணெய்த்தாள், அதன் மேல் வண்ணம். மின்விசிறியை நிறுத்திவிட்டு விடியற்காலையில் பூசுங்கள். நாடாக்களுக்கு நேராக வெள்ளை வேண்டாம், முதலில் வெளிர் சாம்பல், அதன் நடுவில் மெல்லிய வெள்ளை. நவம்பர் மழையில் ஸ்பிரே வார்னிஷ் அடிக்கவே அடிக்காதீர்கள். காற்றின் ஈரம் வார்னிஷுக்குள் புகுந்து வெள்ளைப் புகை போலப் படிந்துவிடும். போன ஐப்பசியில் ஒரு முழுப் பிரெஞ்சுப் பட்டாளம் எனக்கு அப்படிப் போயிற்று. மழைக்காலத்தில் தூரிகையால் பூசும் மங்கல் வார்னிஷ்தான் பாதுகாப்பு.

பாலாறு_பெரம்பூர்

ஐயா, அம்மா, நண்பரே, மூவருக்கும் நன்றி. மூன்று இரவுகள் கழித்து எழுதுகிறேன்.

முடித்திருந்த நான்கு சிப்பாய்களின் தலையையும் சுரண்டி எடுத்துவிட்டேன். மாவுப் பசையை ஊசியால் இழுத்துத் துணி மடிப்பாகச் சுற்றிப் பழைய தலைப்பாகை கட்டினேன். ஒருவனை வெறுந்தலையோடு விட்டேன். நெற்றி இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. மூன்று பூஜ்ய தூரிகையில் இரண்டு மயிர் மட்டும் நிற்கும்படி மற்றவற்றைக் கத்தரித்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று படுக்கைக் கோடுகள் போட்டேன். முதல் தடவை ஒரே பட்டையாக ஒட்டிக்கொண்டது. தோல் நிறத்தைத் திரும்பப் பூசி, காயவிட்டு, நான்காவது தடவையில் மூன்றும் தனித்தனியாக நின்றன. திருநீறு இட்ட அந்தச் சிப்பாயை விளக்கின் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தாத்தாவின் நெற்றி அப்படித்தான் இருக்கும்.

காதணிக்கு மஞ்சளில் துளி பழுப்பு. ஒரு காதில்தான் இடம் கிடைத்தது, மறு காது தலைப்பாகைக்குள் போய்விட்டது.

மேல் தட்டில் அம்மா சொன்ன இரண்டு சிவப்பும் வேலை செய்கின்றன. அதிகாரியை வீரர்கள் நடுவில் வைத்ததுமே உறுத்தல் போய்விட்டது. பச்சையில் இப்போது மூன்று கலவை வைத்திருக்கிறேன். யாருக்கும் பக்கத்து ஆளின் பச்சை இல்லை.

ஐயா, ஒரே ஒரு கேள்வி. ஆவணக் காப்பகத்தில் வேலூர்க் கோப்புகளை என்னைப் போன்ற ஒருவர் பார்க்க முடியுமா? நான் ஆய்வாளர் அல்ல, அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவன்.

பழைய_கோப்பு

முடியும் தம்பி. முன்கூட்டியே அனுமதி கேட்டு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். என்ன தேடுகிறீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள்: சென்னை மாகாண இராணுவத் துறை, 1805 நவம்பர் முதல் 1806 ஆகஸ்ட் வரை. அலுவலக நாள் ஒன்றுக்கு விடுப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள், நானும் உடன் வருகிறேன். அந்தக் கையெழுத்தைப் படிக்கப் பழக முதல் ஒரு மணி நேரம் ஆகும்.

அதற்கு முன்னால் சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. துப்பாக்கிகளின் முன்னால் நின்று மரத்தின் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பொம்மை வரைபவர்கள் எல்லாரும் துப்பாக்கிக் கட்டையை ஆரஞ்சாகப் பூசுகிறார்கள், எண்ணெய் குடித்த பழைய மரம் அதைவிட வெகுவாக இருண்டது.

திருநீறு இட்ட சிப்பாயின் படத்தை இங்கே போடுங்கள்.

பாலாறு_பெரம்பூர்

ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குப் போகிறேன் ஐயா. காப்பகத்துக்கு விண்ணப்பம் எழுதிவிட்டேன். படம் இன்று இரவு, இன்னும் ஒருவனுக்கு நாமம் காய வேண்டியிருக்கிறது. இருவரையும் சேர்த்தே எடுக்கிறேன்.